வானூர்தியும் வானிலை அறிக்கையும்



கைலாசபுரத்தார் ஆடிக் காற்றை நன்கறிவர். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் அக்காற்றைத் திருச்சி விமான நிலையம் எண்ணால் எழுதுகிறது. அறிக்கையில் ‘26018’ எனக் கண்டால், 260 பாகைத் திசையிலிருந்து மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் காற்று வீசுகிறது என்பது பொருள். அங்குள்ள ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. எதிர்காற்றில் இறங்கினால்தான் தரைவேகம் குறையும். ஆதலால் விமானி மேற்கு நோக்கியே இறங்க விரும்புவார்.

பார்வைத் தொலைவு, மேகம், வெப்பம் ஆகியவற்றுக்குப் பின் வருவது காற்றழுத்தம். பலரும் கவனியாத இதுவே என் கருத்தில் முதன்மையானது. ‘கியூ 1004’ என்றால் கடல்மட்ட அழுத்தம் 1004 ஹெக்டோபாஸ்கல். விமானி அதனைத் தம் உயரமானியில் பொருத்துகிறார். மறந்து 1014 எனப் பொருத்திவிட்டால், கருவி காட்டும் உயரத்தைவிட ஏறத்தாழ 300 அடி தாழ்வாக விமானம் பறக்கும். மேகத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியாது! ஆகவே, கட்டுப்பாட்டாளர் கூறும் அந்த எண்ணை விமானி திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்பது உலகப் பொதுவிதி. எத்துணை மூத்தவராயினும் விலக்கில்லை.

இளைஞர்களே, இவ்வறிக்கைகளை வழங்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு அறிவியல் உதவியாளர்களைப் பணியாளர் தேர்வாணையம் 2022-இல் தேர்வு வைத்து எடுத்தது. இயற்பியல் பயின்ற பட்டதாரிகள் அதற்குத் தகுதியுடையோராயிருந்தனர்.