பரபக்கம் கேட்டல்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உரையாடல். நாடகத்தில் வரும் உரையாடலைப் பற்றி நான் பேச வரவில்லை. அறிவியல், மெய்யியல், சமூகம் ஆகியவற்றைச் சிந்தித்த ஒருவரோடு ஆறஅமர இருந்து, அவர் சொல்வதை முழுமையாகக் கேட்டு, கேட்டதைப் பதிந்துவைக்கும் நீண்ட உரையாடலையே குறிப்பிடுகின்றேன். பட்டிமன்றம் நமக்கு நன்கு பழகிப்போன ஒன்று. அங்கே மணி அடித்ததும் பேச்சு நின்றுவிடும்; யார் வென்றார் என்பதே முடிவு. நான் சொல்லும் உரையாடலிலோ பேசுபவரிலும் பார்க்கக் கேட்பவருக்கே வேலை அதிகம்.

தமிழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மணிமேகலையின் இருபத்தேழாவது காதை. வஞ்சி மாநகரிலே மணிமேகலை ஆண் தவசியின் வடிவங் கொண்டு பல்வேறு சமயத்தாரை அணுகுகின்றாள். அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பதின்மர் தத்தம் கொள்கையை அவளுக்கு எடுத்துரைக்கின்றனர். அவள் கேட்பது சிறு கேள்வி: உன் தலைவன் யார், உன் நூல் கூறும் பொருள் யாது? வரும் விடையோ நீண்டது. ஆசீவகன் அணுக்களைப் பற்றிப் பேசுகின்றான்; அவை புதிதாகத் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை என்கின்றான். பூதவாதியோ, பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டும்போது மது வெறி பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கின்றது என்கின்றான். உயிரையும் சடத்தையும் பற்றி இன்றும் ஓயாத விவாதம் அங்கே தெளிவாகத் தொடங்கிவிடுகின்றது.

காட்சி ஒன்றே அளவை என்ற பூதவாதியிடம் மட்டும் அவள் மறுத்துக் கேட்கின்றாள்: உன் தாய் தந்தையரை இன்னார் என்று அனுமானத்தால் அல்லாமல் வேறெவ்வாறு அறிந்தாய்? ஒரே கேள்விதான். அதுவும் அவன் கருத்தை முழுவதும் கேட்டு முடித்த பின்னரே.

மணிமேகலை பௌத்த காவியம். சாத்தனார் தம் கொள்கையை இறுதிக் காதைகளில் அறவண அடிகளின் வாயிலாக விரிவாக நிறுவுகின்றார். எனினும் தாம் ஏற்காத கொள்கைகளையும் அவற்றுக்குரியவர்களின் வாயாலேயே சொல்லவைத்தார். சைவ சாத்திரத்திலும் இதே நெறியைக் காண்கின்றோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரை இரண்டாகப் பகுத்தார். முதலில் வருவது பரபக்கம், அதாவது பிறர் பக்கம். தம் பக்கமான சுபக்கம் அதன் பின்னரே வருகின்றது.

இதனால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. ஆசீவகரின் சொந்த நூல்கள் இன்று நமக்குக் கிடைப்பதில்லை. வரலாற்றாசிரியர் ஏ. எல். பஷாம் 1951இல் ஆசீவகர் வரலாற்றை எழுதியபோது மணிமேகலையும் நீலகேசியும் சித்தியாரும் அவருக்குக் கைகொடுத்தன. மறுப்பதற்காக எழுதி வைத்தவர்களே, அழிந்துபோன ஒரு சிந்தனைக்குச் சாட்சிகளாயினர்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். 1829 மார்ச் 20ஆம் திகதி நிகழவிருந்த சந்திரகிரகணம் பற்றி, பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியாருக்கும் செமினரி அதிபர் தானியேல் பூவருக்கும் இடையில் வேறுபாடு எழுந்தது. தொடங்கும் நேரமும் நீடிக்கும் அளவும் இருவர் கணக்கிலும் சில நிமிடங்களால் வேறுபட்டன. அன்றிரவு மேல்நாட்டுக் கணக்கே சரியாயிற்று என்று 1850இல் வெளியான தமது நூலில் எமர்சன் டெனன்ட் எழுதுகின்றார்.

ஒரு தரப்பு வென்றது. அதை நாம் அறிவோம். சாஸ்திரியார் எந்த வாய்பாட்டைக் கொண்டு கணித்தார், எந்தப் படியில் வேறுபாடு நுழைந்தது, அதுபற்றி அவர் தாமே என்ன சொன்னார் என்பவை டெனன்டின் கதையில் இல்லை. அங்கே பரபக்கம் எழுதப்படவில்லை.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 1825இல் ஜோன் வாரன் என்பவர் புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரின் கணக்கைப் பதிவு செய்தார். அவர் ஏடோ எழுத்தாணியோ எடுக்கவில்லை. நிலத்தில் சோகிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்துக்கு அவர் சொன்ன நேரம் ஏறத்தாழ நான்கு நிமிட வேறுபாட்டுக்குள் அமைந்தது. முடிவு நேரத்தில் வேறுபாடு ஒரு மணித்தியாலத்தை நெருங்கிற்று.

அந்த மனிதருக்குக் கோட்பாட்டு அறிவு இல்லை என்றே வாரன் எண்ணினார். இருந்தும் கணக்கைப் படிப்படியாக எழுதிவைத்தார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 1952இல் ஓட்டோ நொய்கெபவர் என்ற அறிவியல் வரலாற்றாசிரியர் அந்தப் பதிவை ஆராய்ந்தார். தமிழ்க் கணிதரின் முறைக்கும் பழைய பாபிலோனிய வானியலுக்கும் உள்ள உறவை அதிலிருந்து எடுத்துக்காட்டினார். சந்திரனின் போக்கை 248 நாள்களுக்கு வகுத்துச் சொல்லும் வாக்கியங்கள் அம்முறையின் உயிர்நாடி. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் வாக்கிய பஞ்சாங்கம் அந்த மரபில் வந்ததே. சோகி பரப்பியவரின் கணக்கைப் பொறுமையோடு எழுதிய ஒருவர் இருந்தபடியாலேயே இவ்வளவும் தெரியவந்தது.

இந்த வேறுபாட்டை நான் பழங்கதையாக எண்ணிவிட முடியாதவன். நான் பிறந்த ஊர் மயிலிட்டி. 1990இல் நாங்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது எனக்குப் பத்து வயது. துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலத்தில் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். இருபத்தேழு ஆண்டுகள். வீடு இடிந்தால் கட்டலாம். துறை தூர்ந்தால் தோண்டலாம். 1990க்கு முன் அந்தக் கடலில் தொழில் செய்த பெரியவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்கள். சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் சிதறி வாழ்ந்த காலத்தில் அவர்களோடு இருந்து பேச இளையவர்களுக்கு வாய்ப்பும் இல்லை, கடலும் இல்லை.

ஒருமுறை உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அத்தகைய பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். பறுவத்திலும் அமாவாசையிலும் நீரோட்டத்தின் இழுவை கூட, எட்டாம் நிலவில் குறைவு என்றார் அவர். பௌதிகம் படிக்கும் மாணவன் ஒருவன் சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுக்கும் விதத்தை அழகாக விளக்கினான். பெரியவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “சரி தம்பி, அப்ப வாடைக்கை வாற பறுவமும் சோளகத்துக்கை வாற பறுவமும் ஏன் ஒரு மாதிரி இல்லை?” என்றார். மாணவனிடம் உடனே விடை இல்லை. பருவக்காற்றும் கடலோட்டமும் பற்றி அவன் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அன்று பின்னேரம் வரை பேச்சு நீண்டது. கடவுள் பற்றியும், கரைவலைப் பங்கு பிரிப்பதில் நியாயம் எது என்பது பற்றியும் பேசினார்கள்.

கல்லூரிப் படிப்புப் படித்த நம்மவர், கடலோடியைச் சிந்தனையாளராக எண்ணி எதிரே இருந்து கேட்டது குறைவு. அதில் சாதியும் உண்டு, படிப்பின் செருக்கும் உண்டு. பேட்டி என்றால் பேராசிரியர்களையும் எழுத்தாளர்களையும் மட்டுமே தேடிப் போகின்றோம். அவர்களிடமும் போகத்தான் வேண்டும். ஆயினும் சாத்தனார் பதின்மரைப் பேசவைத்தார் என்பதை மறந்துவிடலாகாது.

நேயர்களே, உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். வைத்தியராக இருக்கலாம், தச்சராக இருக்கலாம், பிள்ளைப்பேறு பார்த்த தாயாக இருக்கலாம். ஒரு கொப்பியோடு சென்று கேளுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், திகதியிடுங்கள். உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் அதை வேறாகக் கீழே எழுதுங்கள். முதலில் பரபக்கம், பிறகு சுபக்கம். நம் முன்னோர் வகுத்த ஒழுங்கு அதுதான்.