முதுகு வளைந்தது விதியாலா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சுரங்கத் தொழிலாளியின் முதுகுவலியாகும். "கடவுள், மதம், ஜாதி பற்றிப் பேச வேண்டிய மேடையில் முதுகுவலிக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. வலி வந்தவரைக் கேட்டால், "எல்லாம் தலையெழுத்து" என்கிறார். அந்தத் தலையெழுத்தை எழுதியது யார் என்று விசாரிக்கத்தான் வந்திருக்கிறோம்.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கு தொழிலில் இறங்கினார்கள். வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து நம் மக்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடத் தோழர்கள், கூட்டங் கூட்டமாய்ப் போய்ச் சுரங்கத்தில் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போயிற்று. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது.

பூமிக்குள்ளிருந்து பொன்னை எடுக்க முதலாளி பஞ்சாங்கமா பார்த்தான்? யாகமா செய்தான்? 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து வந்த மின்சாரத்தையல்லவா வாங்கினான்! பெங்களூர் நகரத்துக்கே மின்சார விளக்கு 1905-இல்தான் வந்தது. பொன்னுக்கு விஞ்ஞானம், பொன்னெடுத்தவன் முதுகுக்கு மாத்திரம் விதி என்றால், இது என்ன நியாயம்?

முதுகின் சங்கதியைப் பாருங்கள். முதுகெலும்பின் துண்டுகளுக்கு நடுவே மெத்தை போல ஜவ்வு இருக்கிறது. நிமிர்ந்து நிற்கையில் அது தாங்கும் பாரத்தைவிட, குனிந்து சுமை தூக்கும்போது தாங்கும் பாரம் பல பங்கு அதிகம். சுமை உடம்பைவிட்டுத் தள்ளியிருந்தால் இன்னும் அதிகம். நிமிர இடமில்லாத குடைவில் நாள் முழுதும் குனிந்து நின்று, பாறை துளைக்கும் யந்திரத்தின் அதிர்ச்சியையும் வாங்கிக்கொண்டு, தாது வாரி, உடம்பைத் திருப்பிக் கொட்டுகிறவனுடைய ஜவ்வு நைந்து பிதுங்காமல் என்ன செய்யும்? நரம்பை அது அழுத்தினால் வலி காலுக்கு இறங்குகிறது. இன்றைய திறந்தவெளிச் சுரங்கத்தில் குனிகிற வேலை குறைந்தாலும், மேடுபள்ளத்தில் பெரிய லாரி ஓட்டுகிறவரின் முதுகை ஆசனத்தின் குலுக்கல் கெடுக்கிறது. இதில் பூர்வ ஜென்மத்துக்கு எங்கே இடம்?

நுரையீரலின் கதியும் இதுவே. பாறைத் தூசி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய், நுரையீரலைத் தழும்பாக்கி இறுக்கிவிடுகிறது. இந்த நோய் கோலாரில் 1930-களிலேயே தெரிந்துவிட்டது. துளைக்கும்போது தண்ணீர் பாய்ச்சினால் தூசி அடங்கும். தாயத்துக் கட்டினால் அடங்காது.

அமெரிக்க சர்க்காரின் ஆராய்ச்சி நிலையம் 1991-இல் ஒரு கணக்குச் சொல்லிற்று. எல்லா வசதியும் இருந்தாலும் ஒருவர் கையால் தூக்கும் சுமை 23 கிலோவுக்கு மேற்படலாகாது. குனிந்தோ திரும்பியோ தூக்கினால் இன்னும் குறைக்க வேண்டும். பல்லாண்டு பாரம் தூக்கியதால் வரும் இடுப்பு ஜவ்வுக் கேட்டை, ஜெர்மனி 1993-இல் தொழில் நோயாக ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் 1923-இல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பாறைத் தூசி நோய் பிற்பாடு ஏறிற்று, முதுகுவலி ஏறவில்லை. ஜெர்மானியன் முதுகு வேறு, நம் முதுகு வேறா?

"உழைக்கப் பிறந்த ஜாதி, உடம்பு தாங்கும்" என்று சொல்லுகிறார்களே, அந்தப் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றா நினைக்கிறீர்கள்? தாங்கும் என்று சொல்லிவிட்டால் யந்திரம் வாங்கும் செலவு மிச்சம். விதி என்று சொல்லிவிட்டால் நஷ்டஈடும் மிச்சம். தொழிலாளியும் அதை நம்பி, கூலியில் பாதியை மந்திரிப்பவனுக்கும் மீதியைச் சாராயக் கடைக்கும் கொடுத்தால், முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

ஆதலால் தோழர்களே! வலி கண்ட அன்றே தேதி, இடம், தூக்கிய சுமை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்; சங்கத்தில் பதிவு செய்யுங்கள். வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பது வைத்தியமல்ல. முடிந்த அளவு நடமாடுவதே நல்லது. கால் மரத்துப் போனாலோ, மலஜலம் கட்டுப்படாமற் போனாலோ, கோயிலுக்குப் போகாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுமை குறைக்கவும், தூக்கும் யந்திரம் வைக்கவும், குலுங்காத ஆசனம் போடவும், முதுகுக் கேட்டைச் சட்டத்தில் தொழில் நோயாகச் சேர்க்கவும் ஒன்றுகூடிக் கேளுங்கள்.

இவைகளையெல்லாம் நாம் சொன்னோம் என்பதற்காக நம்ப வேண்டாம். உங்கள் பகுத்தறிவைக் கொண்டு யோசித்து, சரியென்று பட்டால் செய்யுங்கள்.