கைரேகையும் கணிப்பொறியும்



எழுதப் படிக்கத் தெரியாதவரைக் ‘கைநாட்டு’ என்று ஏளனமாகக் குறிப்பிடும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. கையெழுத்திடத் தெரிந்தவர் உயர்ந்தவர். பெருவிரலில் மை தடவி ஊன்றுகிறவர் தாழ்ந்தவர் என்பது அச்சொல்லின் உட்பொருள். காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்! இன்று கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே கைநாட்டு வைக்கிறோம். கைப்பேசியைத் திறக்க விரலை வைக்கிறோம். மடிக்கணினியைத் திறக்கவும் விரலை வைக்கிறோம். மை இல்லை என்பது ஒன்றே வேறுபாடு. அந்தக் கைநாட்டு ஒரு நாள் என்னைக் கைவிட்டது. அந்தக் கதையையும், அதிலிருந்து நான் கற்ற பாடத்தையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பொங்கல் நெருங்கிய நேரம் அது. வெள்ளையடிக்க ஆள் கிடைக்கவில்லை. ‘நம் வீட்டுச் சுவருக்கு நாமே வெள்ளையடித்தால் என்ன?’ என்று துணிந்து, சுண்ணாம்பைக் கரைத்து, வலக்கையால் மட்டையைப் பிடித்து இரண்டு நாள் அடித்தேன். சுவர் வெளுத்தது. என் விரல் நுனிகளும் வெளுத்தன. அதை நான் பொருட்படுத்தவில்லை.

மூன்றாம் நாள் மாலை என் மாணவி ஒருத்தி வீட்டிற்கு வந்தாள். மேற்படிப்பு உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அதற்கு என் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அன்று நள்ளிரவிற்குள் அதை அனுப்பியாக வேண்டும். கடிதத்தை முன்பே எழுதி மடிக்கணினியில் வைத்திருந்தேன். ‘ஒரு நொடி இரு அம்மா’ என்று சொல்லி, வலக்கை ஆட்காட்டி விரலை வைத்தேன். கதவு திறக்கவில்லை. மீண்டும் வைத்தேன், அழுத்தி வைத்தேன், சாய்த்து வைத்தேன். விரலை அடையாளம் காண முடியவில்லை என்றே கணிப்பொறி திரும்பத் திரும்பச் சொல்லிற்று. இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் என்னை வரவேற்ற வாயிற்காவலன், அன்று என்னை யாரோ எவரோ என்று நிறுத்திவிட்டான்.

ரேகை படிக்கும் சென்சாரை மெல்லிய துணியால் துடைத்தேன். கையைக் கழுவி ஈரம் போகத் துவட்டினேன். கணிப்பொறியை அணைத்து மறுபடி இயக்கினேன். பயனில்லை. வேறு விரலை வைக்கலாம் என்றால், நான் பதிவு செய்திருந்தது அந்த ஒரே விரலைத்தான். ‘அப்படியானால் ரகசிய எண்ணைத் தட்டு’ என்றது கணிப்பொறி. அந்த எண்ணோ, பயன்படுத்தாமலே கிடந்து, என் நினைவிலிருந்து அடியோடு அகன்றிருந்தது. ஊகித்து இரண்டு எண்களைத் தட்டினேன், இரண்டும் தவறு. மேலும் மேலும் ஊகித்தால் கணிப்பொறி தன்னை இன்னும் இறுக்கிப் பூட்டிக்கொள்ளும் என்பதால் கையை எடுத்துவிட்டேன்.

அப்போது அந்தப் பெண் என் விரலைக் கூர்ந்து பார்த்தாள். “ஐயா, சுண்ணாம்பில் கை வைத்தீர்களா? என் அம்மாவின் விரலும் இப்படித்தான் இருக்கும். அம்மா கட்டட வேலைக்குப் போகிறார். நாளெல்லாம் சிமெண்டுக் கலவையில்தான் கை. நியாயவிலைக் கடையில் அம்மாவின் விரலை மெஷின் ஏற்பதில்லை. அதனால் அரிசி வாங்க ஒவ்வொரு மாதமும் நானே போகிறேன்” என்றாள்.

அந்தச் சொற்கள் என்னைச் சுட்டன. எனக்கு ஒரு மாலை நேர்ந்த தொல்லை, அந்தத் தாய்க்கு மாதந்தோறும் நேர்கிறது. நான் கணிப்பொறியை நொந்துகொள்கிறேன். அவரோ தம் கையையே நொந்துகொண்டிருப்பார்.

நல்லவேளையாக, ரகசிய எண் மறந்தவருக்கென்று ஒரு வழியைக் கணிப்பொறியிலேயே வைத்திருக்கிறார்கள். என் கணக்கின் கடவுச்சொல்லை இரும்புப் பெட்டியில் இருந்த பழைய குறிப்பேட்டிலிருந்து தேடி எடுத்தேன். அதைத் தட்டியதும் என் கைப்பேசிக்கு ஓர் எண் வந்தது. அதையும் தட்டிப் புதிய ரகசிய எண்ணை அமைத்தேன். கதவு திறந்தது, கடிதம் சென்றது. அப்போது மணி பத்தரை.

மறுநாள் ஓய்வாக அமர்ந்து, பிழை யாருடையது என்று ஆராய்ந்தேன். மூவரில் ஒருவர்தாம் குற்றவாளியாக இருக்க முடியும்: விரல், விரலைப் படிக்கும் சென்சார், இரண்டிற்கும் நடுவே நிற்கும் மென்பொருள். பல பொருள்களை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஆகவே சென்சாரையும் மென்பொருளையும் அப்படியே விட்டுவிட்டு, விரலை மட்டும் மாற்றினேன். சுண்ணாம்பு படாத இடக்கை ஆட்காட்டி விரலைப் புதிதாகப் பதிந்தேன். உடனே பதிந்தது, கணிப்பொறியும் திறந்தது. சென்சாரும் மென்பொருளும் குற்றமற்றவை என்று தெளிவாயிற்று. அந்த விரலும் பதியாமல் போயிருந்தால், என் ஐயம் மென்பொருள் பக்கம் திரும்பியிருக்கும். சென்சாரை இயக்கும் டிரைவரை நீக்கி, கணிப்பொறியை மறுபடி இயக்கி, அந்த மாதிரிக்கென்று வந்த டிரைவரைப் புதிதாக நிறுவிப் பார்த்திருப்பேன். அதற்கும் பணியாவிட்டால்தான் சென்சார் பழுது என்று முடிவு கட்டலாம்.

விரல் எப்படிக் குற்றவாளி ஆயிற்று? நம் விரல் நுனியில் மேடுகளும் பள்ளங்களும் வயல் வரப்புகள் போல் ஓடுகின்றன. நாம் பிறப்பதற்குச் சில திங்கள் முன்பே, தாயின் வயிற்றில் அவை அமைந்துவிடுகின்றன. உருவத்தில் ஒத்த இரட்டைப் பிள்ளைகளுக்கும் அவை வேறு வேறு. மடிக்கணினிகளில் பெரும்பாலும் அமைந்துள்ள சென்சாரில், கண்ணுக்குப் புலப்படாத மின்தகடுகள் நெருங்கி அமைந்திருக்கும். ரேகையின் மேடு தகட்டின்மேல் நெருங்கிப் படியும். பள்ளத்தில் காற்று நிற்கும். இவ்வேறுபாட்டால் ஒவ்வொரு தகட்டிலும் மின்தேக்கும் அளவு மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு கணிப்பொறி ரேகையை அறிகிறது. ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்பன போன்ற குறிகளை எடுத்து எண்களாக்கி வைத்துக்கொள்கிறது.

மறுமுறை விரலை வைக்கும்போது, பழைய குறிகளும் புதிய குறிகளும் எவ்வளவு ஒத்துள்ளன என்று பார்க்கிறது. முழு ஒற்றுமை ஒருநாளும் கிடைக்காது. விரல் சற்றுத் திரும்பியிருக்கும்; வியர்த்திருக்கும்; வறண்டிருக்கும். ஆகவே, ‘இந்த அளவு ஒத்திருந்தால் போதும்’ என்று ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். எல்லையைத் தாழ்த்தினால் அயலாரும் நுழைந்துவிடுவர். உயர்த்தினால் உரியவரே வெளியில் நிற்க நேரும். இவ்விரு பிழைகளையும் ஒருசேர முற்றிலும் ஒழிக்க இயலாது. அன்று மாலை நான் நின்றது அந்த எல்லைக்கு வெளியே.

சுண்ணாம்பும் சிமெண்டும் காரத்தன்மை உடையவை. மேல்தோலை அரித்து, மேடுகளைத் தேய்த்து, பள்ளங்களோடு சமன் செய்துவிடுகின்றன. ஆனால் ரேகையின் மூலம் மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது. எனவே தோல் வளர வளரப் பழைய ரேகையே மீளும். நான்கு வாரம் கழித்து என் வலக்கை விரலைக் கணிப்பொறி மீண்டும் இனங்கண்டுகொண்டது. ஆனால், நாள்தோறும் கலவை சுமக்கும் கைக்கு நான்கு வார ஓய்வு ஏது?

இக்கலையின் வரலாற்றில் இந்தியாவிற்குப் பெரும் பங்குண்டு. 1858இல் வங்காளத்தில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரிடம் ஒப்பந்தத் தாளில் கையில் மை தடவிப் பதியச் செய்தார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகை அலுவலகம் ஏற்பட்டது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கும் ரேகைப் பகுப்புமுறையை வகுத்ததில், அவரிடம் பணிபுரிந்த அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இந்தியர்களின் உழைப்பு பெரிது. ஆளை அறிவதற்குத் தோன்றிய இக்கலை, உழைப்பால் கை தேய்ந்த ஒருவரை ‘நீ யார்?’ என்று கேட்டு நிறுத்துமானால், குறை அவர் கையில் இல்லை. மாற்று வழி வைக்காத ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

மாணவர்களே, உங்களிடம் நான் வேண்டுவன மூன்று. ஒரு விரலை மட்டும் பதிந்துவிட்டு இருந்துவிடாதீர்கள். இரு கைகளிலும் ஒவ்வொரு விரலையேனும் பதியுங்கள். விரலை நம்பி ரகசிய எண்ணை மறவாதீர்கள். வாரம் ஒரு முறையேனும் அதைக் கையால் தட்டித் திறவுங்கள். கடவுச்சொல் பிறர் கையில் சிக்கினால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. மூன்றாவது வேண்டுகோள், நாளை பொறியியலாராகவும் அலுவலராகவும் ஆகப்போகும் உங்களுக்கு. விரலால் திறக்கும் கதவு எதை அமைத்தாலும், ரேகை தேய்ந்தவர் நுழைவதற்கு அதன் அருகிலேயே இன்னொரு கதவையும் அமையுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைத்தது. பொறியியல் படிக்கிறாள். முதல் விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தபோது தன் தாயையும் அழைத்து வந்தாள். அவர் கைகூப்பி வணங்கினார். கூப்பிய அந்த விரல்களில் ரேகை இல்லை. ஆனால் அவை யாருடைய விரல்கள் என்று எனக்குத் தெரிந்தது.