யார் கண் வழியே?



மாய உலகக் கதை எழுத ஆசைப்படும் பிள்ளைகள் பலர் இங்கே இருக்கிறீர்கள். நாட்டுக்கு வரைபடம் போடுகிறீர்கள், மந்திரங்களுக்குப் பெயர் வைக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்த உலகத்தை யார் கண் வழியே காட்டப்போகிறீர்கள்? அதைப் பேசத்தான் வந்தேன்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968-இல் இளையோருக்காக 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' எழுதினார். ஆடு மேய்த்த கெட் மந்திரவாதியாகும் கதை. பெரியவர் ஒருவர் பழங்கதை சொல்வது போன்ற நடை. அவன் பிற்காலத்தில் பெரும்புகழ் பெறுவான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பிழைப்பானா என்ற பதைப்பு போய், தன் ஆணவம் கிளப்பிவிட்ட நிழலை எப்படி எதிர்கொள்வான் என்பதே நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

1971-இல் அடுத்த நாவல், 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்'. இன்னொருவர் என்றால் அதே கெட்டின் அடுத்த சாகசத்தை எழுதியிருப்பார். லெ குவின் ஐந்தாம் அத்தியாயம் வரை அவனை நேரில் காட்டவே இல்லை! கதை டெனாருடையது. ஐந்து வயதில் பெற்றோரிடமிருந்து பிரித்து, பெயரையும் பறித்து, இருட்டின் தெய்வங்களுக்குப் பூசாரியாக்கிய பெண் அவள். கோயிலுக்கு அடியில் ஒரு குகை. அங்கே விளக்கு ஆகாது. கையால் தடவித் தடவியே அவளுக்கு அந்த இடம் பழக்கம். ஒருநாள் உள்ளே வருகிறாள், வெளிச்சம்! ஒரு கோலின் நுனியில் மங்கலான சுடர். இதுவரை இருட்டில் நடந்த குகை பளிங்காய் மின்னுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். கோலோடு நிற்பவன் கெட். நமக்கு நாயகன், அவளுக்குத் திருடன்.

கெட் வழியாகச் சொல்லியிருந்தால் அது அழகான ஒரு குகை, அவ்வளவுதான். இருட்டையே அறிந்தவள் பார்ப்பதால் நமக்கும் மூச்சு நின்றுபோகிறது.

1990-இல் வந்த அதே வரிசையின் 'டெஹானு'வும் டெனார் கண் வழியேதான். இப்போது அவள் நடுவயதுக் கைம்பெண். வீட்டு வேலை, ஆடுகள், தீயில் வெந்த ஒரு குழந்தை. மந்திர சக்தியை இழந்து திரும்பும் கெட், பக்கத்திலிருந்து தேற்றவேண்டிய நோயாளி. மாயம் குறைந்துவிட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு இதுதான் லெ குவின் எழுத்தின் உச்சம்.

பிள்ளைகளே, உங்கள் கதையில் மந்திரம் நடக்கும் ஒரு காட்சியை இன்றிரவு எடுங்கள். அதைக் கண்டு அஞ்சி நிற்கும் ஒருவர் கண் வழியே திரும்ப எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.