பாதைக்கும் பந்தயத்திற்கும் ஒரே வண்டி

நெய்வேலிச் சுரங்கத்தின் இயந்திரப் பணிமனையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சென்ற விடுமுறையில் என் தமக்கையின் மகன் என்னைக் காண வந்திருந்தான். பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். என்னிடமுள்ள பழைய சிறு காரைச் சுற்றிச் சுற்றி வந்தவன், "மாமா, இதைத் தரையோடு ஒட்டினாற்போல் இறக்கி, வில்லைக் கெட்டியாக மாற்றிவிட்டால் பந்தயக் கார் ஆகிவிடும் அல்லவா?" என்று கேட்டான். அவனுக்கு நான் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன். ஏனெனில், அவன் வயதில் அல்ல, அவனைவிட இருபது வயது மூத்தவனாக இருந்தபோதே அதே தவற்றை நான் செய்தவன்.

முதலில், வில் எதற்கு என்று காண்போம். மாட்டு வண்டிக்கு வில் இல்லை. அச்சின்மேல் நேராக வண்டிக் கட்டை அமர்ந்திருக்கும். மாட்டின் நடை வேகத்திற்கு அதுவே போதும். குதிரை வண்டி விரைந்து ஓடுவது. ஆகவே அதற்குப் பட்டை வில் தேவைப்பட்டது. பின்னர் மோட்டார் வண்டி வந்தது. நம் நாட்டுச் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடிய அம்பாசிடர் காரின் பின்புறத்திலும், பத்மினி காரின் பின்புறத்திலும் இருந்தவை அந்தப் பட்டை வில்லின் வழித்தோன்றல்களே. பத்மினியின் முன்புறத்திலோ சுருள் வில் இருந்தது. மாருதி 800 போன்ற வண்டிகள் வந்தபோது, சுருள் வில்லும் அதிர்வு தாங்கியும் ஒன்றாய் இணைந்த தூண் நம்மிடையே பரவிற்று. அமெரிக்கப் பொறியாளர் மக்ஃபர்சன் வகுத்த முறை அது.

'காயிலோவர்' என்று இன்று இளைஞர்கள் ஆவலோடு பேசும் பொருள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதிர்வு தாங்கி ஒன்று நடுவில் நிற்க, அதனைச் சுற்றிச் சுருள் வில் அமைந்திருக்கும். தாங்கியின் உடலில் மரை வெட்டப்பட்டிருக்கும். அதில் ஏறி இறங்கும் வளையம் வில்லைத் தாங்கும். உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தருகே குனிந்து பாருங்கள். அங்கே இருப்பதும் இதன் உடன்பிறப்பே. காரில் வளையத்தைத் திருகி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்; வேண்டிய வலிமையுள்ள வில்லை மாற்றிப் போடலாம்; சிலவற்றில் தாங்கியின் இறுக்கத்தையும் திருகு குமிழால் மாற்றலாம். இத்தனை உரிமைகள் ஒருங்கே கிடைப்பதனால்தான் இதில் ஆசையும் மிகுதி, ஆபத்தும் மிகுதி.

வில்லின் தொழில் வேறு, அதிர்வு தாங்கியின் தொழில் வேறு. இதனை நெய்வேலியில் வாழ்பவர்க்கு விளக்குதல் எளிது. 1957 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் நாள் பண்டித நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. இடையில் பொறியாளர்களை மலைக்க வைத்தது மண் மட்டுமன்று; நிலக்கரிப் படுகைக்குக் கீழே பேரழுத்தத்தோடு அடைபட்டிருந்த ஊற்று நீருமாகும். அந்நீரை அப்படியே விட்டிருந்தால் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு பொங்கியிருக்கும். ஆழ்துளைக் கிணறுகள் பல தோண்டி, இரவு பகல் ஓயாமல் இறைத்து, அழுத்தத்தை அளவோடு தணித்தே கரியை வெட்டினார்கள். வில்லும் அவ்வாறு அடைபட்ட ஆற்றலே. மேட்டில் ஏறும்போது சக்கரம் வில்லை அழுத்துகின்றது. அழுந்திய வில் அந்த ஆற்றலை உடனே திருப்பித் தர முயல்கின்றது. தடுப்பார் இல்லையெனில் வண்டி ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டேயிருக்கும். தாங்கிக்குள் இருக்கும் எண்ணெய், உந்தியிலுள்ள சிறு துளைகள் வழியே நெருங்கிப் புகுந்து, அவ்வாற்றலை வெப்பமாக்கி வெளியேற்றுகின்றது. பந்தயத் தடத்தில் ஓடிய வண்டியின் அதிர்வு தாங்கியைத் தொட்டால் கை சுடுவதன் காரணம் இதுவே.

இனிக் கணக்கிற்கு வருவோம். கணக்கு என்றதும் அஞ்ச வேண்டாம். பள்ளிப் பாடத்தில் ஹூக் விதியைப் படித்தவர்க்கு இது போதும். என் வண்டியின் முன்சக்கரம் ஒன்று ஏறத்தாழ 250 கிலோ எடையை வில்லின்மேல் தாங்குகின்றது. முதலில் இருந்த வில்லை ஒரு மில்லிமீட்டர் அழுத்த 2 கிலோ எடை வேண்டும். ஆகவே வண்டியின் எடையால் மட்டும் அது 125 மில்லிமீட்டர் அழுந்தி நிற்கும். அவ்வாறு நிற்கும் உடல், ஒருமுறை அசைத்துவிட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 85 முறை ஆடும். இதே இடத்தில் 6 கிலோ வில்லைப் போட்டால் அழுந்துவது 42 மில்லிமீட்டர் அளவே. ஆட்டமோ நிமிடத்திற்கு 146 முறை. முன்னது நடந்து செல்பவனின் உடல் உணரும் அசைவை ஒத்தது, நெடுநேரம் தாங்கலாம். பின்னது உடலைக் குலுக்குவது. வழவழப்பான தடத்தில் அந்தக் குலுக்கல் தோன்றாது; வண்டி ஓட்டுபவன் கைக்கு உடனே கட்டுப்படும். நம் ஊர்ச் சாலையில் அது எப்படியிருக்கும் என்பதை நான் உடலால் அறிந்தேன்.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் இருக்கின்றது. அதற்கு முன்னர்ப் பந்தயங்கள் சோழவரத்தில் நடைபெற்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003 இல் வந்தது. 2005 இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகிய நரேன் கார்த்திகேயன் கோவைக்காரரே. ஆகவே நம் நாட்டு இளைஞர்க்கு இந்த ஆர்வம் வந்தது வியப்பன்று, எனக்கும் வந்தது. பொதுமக்கள் தம் வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்க்க வாய்ப்பளிக்கும் நாளொன்றில் நான் இருங்காட்டுக்கோட்டை சென்றேன். அங்கே விரைவான வண்டிகளெல்லாம் தாழ்ந்தும் விறைத்தும் நிற்கக் கண்டேன். ஊர் திரும்பியதும் 6 கிலோ வில்களை வாங்கிப் பொருத்தி, வண்டியை 50 மில்லிமீட்டர் இறக்கினேன். அடுத்த முறை தடத்தில் என் சுற்று நேரம் குறைந்தது. நான் பெற்ற மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இரண்டு வாரம் கழிந்தது. ஒரு மாலைப்பொழுதில் நகரியத்திற்கு வெளியே, முந்திரித் தோப்புகளை ஒட்டிய சாலையில் வந்துகொண்டிருந்தேன். வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. வளைவின் நடுவில் சிறு பாலம். பாலமும் சாலையும் சேருமிடத்தில் ஒரு மேடு. பழைய வில் இருந்தபோது நூறு முறை கடந்த மேடு அது. அன்று சக்கரம் மேலெழ இடமில்லாமல் இரப்பர்க் கட்டையில் மோதிற்று. மோதிய கணமே வண்டி தாவியது. தாவிய சக்கரத்திற்குப் பிடிப்பேது? கார் எதிர்ப் பக்கத்திற்கு வழுக்கிச் சென்றது. அங்கே மிதிவண்டியின் பின்னே பலாப்பழம் ஒன்றைக் கட்டிக்கொண்டு முதியவர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஒரு முழத் தொலைவில் கார் நின்றது. அவர் இறங்கி நின்றார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "வண்டிக்கு என்ன கோளாறுங்க?" என்று மட்டும் கேட்டார். வண்டிக்குக் கோளாறு எதுவும் இல்லை என்பதை அவரிடம் சொல்ல எனக்கு நாணமாக இருந்தது. கோளாறு என் தேர்வில் இருந்தது.

அன்றிரவு தாளை எடுத்துக் கணக்கிட்டேன். முன்னரே செய்திருக்க வேண்டிய கணக்கு. நெய்வேலியிலிருந்து தடத்திற்குப் போய்வர ஏறத்தாழ 400 கிலோமீட்டர். தடத்தின் நீளம் 3.7 கிலோமீட்டர், 25 சுற்று ஓடினாலும் 93 கிலோமீட்டர்தான். தடத்திற்கெனச் செல்லும் நாளிலும் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் பொதுச் சாலையிலேயே என் வண்டி ஓடுகின்றது. மற்ற நாள்களைச் சொல்லவே வேண்டாம். அங்ஙனமாயின் வில்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எந்தச் சாலைக்கு உண்டு?

தாழ்த்துவதால் வரும் நன்மையையும் கணக்கிட்டேன். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறுகின்றது. எவ்வளவு மாறும் என்பதை முடிவு செய்பவை வண்டியின் எடை, எடை மையத்தின் உயரம், சக்கரங்களின் இடையகலம், திரும்பும் விரைவு ஆகியவையே. வில்லின் வலிமைக்கு இக்கணக்கில் இடமே இல்லை! கெட்டியான வில் வண்டி சாய்வதைக் குறைக்கும். மாறும் மொத்த எடையைக் குறைப்பதில்லை. முன்னச்சு எவ்வளவு ஏற்கும், பின்னச்சு எவ்வளவு ஏற்கும் என்ற பங்கீட்டையே அது மாற்றும். 1000 கிலோ வண்டி, எடை மையம் அரை மீட்டர் உயரம், இடையகலம் 1.4 மீட்டர், புவியீர்ப்பில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு திரும்புவதாகக் கொள்வோம். மாறும் எடை 286 கிலோ. வண்டியை 20 மில்லிமீட்டர் இறக்கினால் 274 கிலோ. 12 கிலோ நன்மைதான். நன்மையே எனினும், அதற்காகச் சக்கரம் மேலெழும் இடத்தை எவ்வளவு விற்கலாம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இறுதியில் நான் தேர்ந்தது 3 கிலோ வில். நிமிடத்திற்கு 104 ஆட்டம். இறக்கியது 20 மில்லிமீட்டர். தடத்தில் என் நேரம் சிறிது கூடிற்று. பாலத்தின் மேட்டில் சக்கரம் தரையை விடவில்லை.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தால் சிலவற்றை நினைவிற் கொள்ளுங்கள். வில்லின்மேல் அச்சிட்ட எண் சக்கரத்தின் எண் ஆகாது. சக்கரத்திற்கும் அது தொங்கும் கீலுக்கும் சரிநடுவே வில் இருக்குமாயின், 6 கிலோ வில் சக்கரத்தில் ஒன்றரைக் கிலோவாகவே வேலை செய்யும். தூரத்தின் விகிதம் இருமுறை பெருக்கப்படுகின்றது. வில்லுக்கு ஏற்ற தாங்கியா என்பதை அடுத்துப் பாருங்கள். கெட்டி வில்லை அடக்க வலுவான தாங்கி வேண்டும். இல்லையேல் வண்டி துள்ளும். எந்த வேகத்தில் எவ்வளவு விசை தருகின்றது என்ற வரைபடத்தைக் காட்டக்கூடிய விற்பனையாளரிடம் வாங்குங்கள். முப்பது நிலைகள் உள்ள குமிழ் இருப்பது பெருமையன்று. ஒவ்வொரு நிலையும் வேறுபாடு காட்டுவதே பெருமை. உயரத்தை மாற்ற இருவழிகள் உண்டு. சிலவற்றில் வில்லைத் தாங்கும் வளையமே இறங்கும். அப்போது சக்கரம் மேலெழும் இடம் குறையும். சிலவற்றில் அடிப்பகுதி தனியே திருகி இறங்கும். அவ்விடம் பெரும்பாலும் குறையாது. ஆனால் சக்கரம் உடற்கூட்டில் உரசுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் நேரும் மாறும்; மீண்டும் சரிபார்க்காவிடில் டயர் ஒரு பக்கமாகத் தேயும். கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்று மரையை இறுகச் செய்துவிடும். துடைத்து மசகிடுதல் நன்று. பழுதானால் இங்கேயே பிரித்துச் சீர் செய்ய முடியுமா என்பதையும் விலையைக் கேட்பதற்கு முன்னே கேளுங்கள்.

சட்டம் ஒன்றும் உண்டு. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்றும் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கின்றது. ஆகையால் எந்த மாற்றத்தையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பின்னரே செய்தல் வேண்டும். தடத்திற்கு மட்டுமே உரிய வண்டியாயின் அதை வேறொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதே முறை.

என் மருகன் இவையனைத்தையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் இரண்டு வேலைக்கும் ஒரே வண்டி கூடாதா, மாமா?" என்றான். கூடும். ஆனால் அத்தகைய வண்டி இரண்டிடத்திலும் முதலிடம் பெறாது. தடத்தில் தோற்றால் சில நொடிகள் போகும்; சாலையில் தோற்றால் போவது வேறொருவர் உயிர். எதைக் குறைத்து எதைக் காப்பது என்று அளந்து முடிவு செய்வதே பொறியியல். அந்த முதியவரின் கேள்வி இன்றும் என் காதில் இருக்கின்றது. வளையத்தைத் திருகச் சாவியை எடுக்கும்போதெல்லாம் அதற்கு முதலில் விடை சொல்லிக்கொள்கின்றேன். நீங்களும் அவ்வாறே செய்வீர்கள் என்று நம்புகின்றேன்.