சூடு என்று விட்டுவிடாதீர்கள்



அடிவயிற்று வலி, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்றால் உடம்புச் சூடு என்று இளநீரோடு முடித்துவிடுகிறோம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மணமான, 16 முதல் 22 வயதுள்ள 451 பெண்களைப் பரிசோதித்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. நூற்றுக்கு 14 பேருக்குக் கருப்பை வாயிலோ அதற்கு மேலே கருப்பை, கருக்குழாயிலோ அழற்சி இருந்தது. எல்லாம் சின்ன வயசுப் பிள்ளைகள்!

தொந்தரவு இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வைத்தியமே பார்க்கவில்லை. பெண் டாக்டர் இல்லை, மறைவு இல்லை, தூரம், செலவு, இது எல்லாருக்கும் வருவதுதானே என்றார்கள்.

கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைபட்டுக் குழந்தை உண்டாகாமல் போகலாம். அப்போது ஊர் யாரைப் பேசும் என்று உங்களுக்கே தெரியும். மாத்திரையைப் பெரும்பாலும் 14 நாள் தருவார்கள். வலி நின்றதும் நிறுத்தாதீர்கள். கணவருக்கும் மருந்து தேவைப்படும், அவரையும் கூட்டிக்கொண்டே போங்கள்.