மண்ணின் வரவும் பற்றும்

(பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



கடன் பெற்று உரம் வாங்கும் குடியானவன், அவ்வுரம் எந்தப் பெட்டியில் தங்குகிறது என்று யோசிப்பதில்லை. அப்பெட்டி அவன் நிலத்திலுள்ள களியே. பெட்டி பெரிதாயின் உரம் தங்கும். சிறிதாயின் மழையோடு கீழே இறங்கிவிடும். உரம் போனாலும் கடன் போகாது. ஆகையால் மண்ணின் குணத்தை அறிவது சங்கத்தின் வரவு செலவைச் சேர்ந்த விஷயமேயாகும்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயரிலிருந்த தாம்ஸன் என்னும் நிலச்சுவான்தார், மண்ணில் அம்மோனியம் ஸல்பேட்டைக் கலந்து, மேலே தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அம்மோனியாவில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்து ஜிப்ஸமாக வடிந்து வந்தது. இது 1850-ஆம் வருஷத்தில் பிரசுரமாயிற்று. இவ்வாறு மாற்றிக்கொள்வது மண்ணிலுள்ள களியே என்பதை வே என்னும் ரசாயன சாஸ்திரி பின்னர் விளக்கினார். களித்துகளில் எதிர் மின்சாரம் உண்டு. சுண்ணாம்பு, மக்னீஷியம், பொட்டாஷ், அம்மோனியா ஆகியவை நேர் மின்சாரமுடையவையாதலால் களியில் ஒட்டிக்கொள்ளும். பயிரின் வேர் தன்னிடமுள்ள அமிலச் சத்தைக் கொடுத்து, பதிலுக்கு இவற்றை வாங்கிக்கொள்ளும். ஈடு கொடாமல் இங்கே பற்று இல்லை.

எல்லாக் களியும் ஒரே தன்மையதன்று. கரிசலில் மிகுந்திருப்பது மான்ட்மோரில்லோனைட் என்னும் களி. ஏடு ஏடாக அமைந்த அது நீர் பட்டால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். கோடையில் பெரம்பலூர்க் கரிசல் வெடிப்பது இதனாலேயே. 100 கிராம் களி தாங்கும் சத்தைச் சாஸ்திரிகள் தங்கள் அளவையில் 80 முதல் 120 வரை என்பர். செம்மண்ணில் பெரும்பாலும் காணும் கயோலினைட்டுக்கோ 3 முதல் 15 வரைதான். ஏறக்குறைய பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் அரியலூர்ப் பக்கம் கடலாயிருந்தது. அக்கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அருகேயுள்ள கரிசலில், களியின் பெட்டி சுண்ணாம்புச் சத்தால் நிறைந்திருக்கும்.

அங்ஙனமாயின், செம்மண் மலையாகிய பச்சைமலையில் காடு வளர்வது எவ்வாறு? அங்கே களியின் குறையை இலைமக்கு நிரப்புகிறது. நன்கு மக்கிய மக்கின் கொள்ளளவு அதே அளவையில் 200-க்கும் மேற்படும். மரம் ஆழத்திலிருந்து எடுத்த சத்து, சருகாய் விழுந்து, மக்கில் தங்கி, மீண்டும் வேருக்குச் செல்கிறது. சருகைக் கொளுத்தினால் சாம்பல் சிறிது காலம் பலன் தரும். பிறகு மழையில் ஓடிவிடும். புதிய மக்கு சேராமையால் பெட்டியும் வருஷந்தோறும் சுருங்கும். காட்டை அழித்து உழுத செம்மண் சில போகங்களில் சலித்துப்போவதன் காரணம் இதுவே.

ஆகவே செம்மண் நிலத்தார் குப்பை எரு, தழை, அனுமதி பெற்று எடுத்த ஏரி வண்டல் ஆகியவற்றால் முதலில் பெட்டியைப் பெருக்க வேண்டும். உரத்தைத் தவணை தவணையாக இட வேண்டும். கரிசல் நிலத்தாரும் மெத்தனமாயிருத்தலாகாது. யூரியா சில வாரங்களில் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட்டுக்கும் எதிர் மின்சாரமே உண்டாதலால் களி அதை ஏற்காது. எனவே அவர்களும் அதை ஒரே தடவையில் இடலாகாது.

உரக்கடனுக்கு மனுச் செய்வதற்கு முன் மண்ணைப் பரீக்ஷை செய்வித்துக்கொள்வது உத்தமம். பெட்டியின் அளவறிந்து வைப்பவனுக்கே அறுவடையில் கடன் தீரும்.